போனவர்கள் இரண்டு, திரும்பியவர்கள் மூன்று

உங்களிடம் பேனா இருக்குமா? கறுப்பா, நீலமா? கறுப்பென்றால் கொடுங்கள். நீலத்தில் எழுதினால் இங்கே ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் இந்தக் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவள், எனக்குத் தெரியும். என் பேனாவும் இருக்கிறது. பையில்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுக்க அந்தப் பச்சை ஃபைலைத் திறக்க வேண்டும். அந்த ஃபைலைத் திறக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்டேன்.

உங்கள் டோக்கன் எத்தனை? முப்பத்தொன்றா? எனக்கு முப்பது. இப்போதுதான் பதினேழை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். எல்.கே.ஜி. சீட்டுக்கு இவ்வளவு கூட்டம். நான் படித்தபோது சிஸ்டர்கள் தெருவில் வந்து பிள்ளை பிடித்தார்கள்.

ஆமாம், அவள் என் மகள்தான். ஊஞ்சல் பக்கம் நின்று உங்கள் மகளிடம் கையை ஆட்டி ஆட்டி அளந்துகொண்டிருக்கிறாளே, அவள்தான். தீபஸ்ரீ. என்ன அளக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் நிற்கிற அந்த வெள்ளை வேனைக் காட்டுகிறாள் பாருங்கள். "நான் அதுலதான் பொறந்தேன்" என்கிறாள். பால்காரரிடம் சொல்வாள், கேஸ் சிலிண்டர் போட வருகிறவரிடம் சொல்வாள். "ஆஸ்பத்திரியில பொறந்தேன்னு சொல்லுடி" என்று மூன்று நாளாக மிட்டாய் கொடுத்துப் பழக்கியிருக்கிறேன். மிட்டாயைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "வேன்ல" என்கிறாள்.

எல்லாம் நிரப்பிவிட்டேன். பெயர், அப்பா பெயர், ரத்த வகை, போட்ட ஊசி, போடாத ஊசி. இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. 'பிறந்த இடம்'.

சிரிக்காதீர்கள். இந்தக் கட்டத்துக்கும் வருமான வரிக்கும் சம்பந்தம் இருக்கிறது. நிஜமாகத்தான். இன்றைக்கு மூன்று மணிக்கு வரி ஆபீஸில் நான் ஒரு பத்திரம் கொடுக்க வேண்டும். சத்தியப் பத்திரம். அதன்படி இவள் அந்த வேனில் பிறக்கவில்லை. இந்த ஃபாரத்தோடு பின் குத்தியிருக்கிற பிறப்புச் சான்றிதழ்படி இவள் அந்த வேனில்தான் பிறந்தாள். காலையில் ஒரு ஆபீஸில் ஒன்று, மத்தியானம் இன்னொரு ஆபீஸில் வேறொன்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஜெயில் என்கிறார் எங்கள் மாமா. எங்கள் வீட்டுக்காரருடைய அண்ணன். குணசீலன் என்று பெயர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

நான் பயந்த சுபாவம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்லி, போலீஸ், போஸ்ட்மேன், சிஸ்டர், பாங்க்கில் டோக்கன் கூப்பிடுகிற மணி, எல்லாவற்றுக்கும் பயம். வேன் ஓட்டவும் பயம்தான். அதனால்தான் நானே ஓட்டுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் தவமணி ஓட்டினால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

எங்களுக்கு வத்தலக்குண்டில் பினாயில் கம்பெனி. பனித்துளி பினாயில். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, எங்கேயாவது முகர்ந்திருப்பீர்கள். மாமா ஒரு டைரக்டர், இவர் ஒரு டைரக்டர், மூன்றாவது டைரக்டர் நான். நம்பமாட்டீர்கள். இங்கிலீஷில் கடிதம் எழுத ஒரு ஆள் சம்பளம் கேட்டானாம். தம்பி பெண்டாட்டியை டைரக்டர் ஆக்கினால் சம்பளம் மிச்சம் என்று மாமா ஆக்கிவிட்டார். மாமா மூளைக்காரர்.

கம்பெனி பேரில் வேன் வாங்கினோம். குடோனில் கேட் கிடையாது, அதனால் ராத்திரி எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். அங்கேதான் சனியன் ஆரம்பித்தது. ஆடிட்டர் நாகசுந்தரம் வந்து காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "வண்டி கம்பெனிது. தவமணி வீட்டுல நிக்குது. குடும்பத்தோட கோயில் குளம்னு சுத்தினா, அது கம்பெனி உங்களுக்குக் குடுக்கற சம்பளம் மாதிரி. அதுக்கு வரி உண்டு. சொந்தத்துக்கு ஓட்டவே இல்லேன்னா, இல்லைங்கறதை நீங்கதான் நிரூபிக்கணும். லாக் புக் எழுதுங்க."

இல்லாததை எப்படி நிரூபிப்பது? நான் நேற்று உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று இப்போது நிரூபிக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அதையும் ஆடிட்டரிடம் கேட்டேன். "அதுக்குத்தாம்மா லாக் புக்" என்று சொல்லி இன்னொரு காபி குடித்தார்.

நோட்டு வாங்கினேன், கோடு போட்டேன். தேதி, கிளம்பிய இடம், போன இடம், மீட்டர், பயண நோக்கம். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த சிஸ்டர் பெர்னதெத், கட்டம் போட்டால் தாராளமாகப் போடு, போட்ட கட்டத்தைக் காலியாக விடாதே என்பார். நான் தாராளமாக இன்னும் இரண்டு போட்டேன். 'போனவர்கள்', 'திரும்பியவர்கள்'. பின்னால் என் குடும்பத்தின் குடியைக் கெடுக்கப்போகிற கட்டங்கள் என்று அப்போது தெரியுமா?

அடுத்த வாரமே தேனியில் சித்தி மகனுக்குக் கல்யாணம். பஸ் ஸ்டிரைக். வேனில்தான் போயாக வேண்டும். நோட்டைத் திறந்தேன். பயண நோக்கம் என்ன எழுதுவது? கல்யாணம் என்று எழுதினால் வரி. வேறு எதையாவது எழுதினால் பொய். சிஸ்டர் பெர்னதெத் உயிரோடு இருந்தாலாவது ஏமாற்றலாம். அவர் காலமாகிவிட்டார். இனி எங்கிருந்து வேண்டுமானாலும் பார்ப்பார்.

அழுதேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று அழுதேன். இவர் "வண்டிய எடுக்கவா வேணாமா, அதையாவது சொல்லு" என்று சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் தோன்றியது. கல்யாண மண்டபம் என்றால் கக்கூஸ் இருக்குமில்லையா? நாலு கேன் ஏற்றச் சொன்னேன். தேனியில் தாலி கட்டுகிற நேரத்தில் நான் மண்டப மேனேஜரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மண்டபத்துக்குத் தேவையில்லை என்றார். ஆயிரம் பேர் சாப்பிட்டுவிட்டு எங்கே போவார்கள் என்று கேட்டேன். வாங்கிக்கொண்டார். ஆனால் பில்லை மண்டபக் கணக்கில் எழுதாமல் மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார் பாவி. நாங்கள் எழுதிய மொய் ஐநூறு. பில் எழுநூற்று இருபது. கூட்டிக் கழித்தால் அவர்கள்தான் எங்களுக்கு மொய் செய்திருக்கிறார்கள்.

நோட்டில் எழுதினேன். பயண நோக்கம்: டெலிவரி, நாலு கேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அதற்கப்புறம் நாங்கள் கேன் இல்லாமல் எங்கேயும் போனதில்லை. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் கேன். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் மேனேஜர் ரூமில் ஒரு கேன் இறக்குவோம். இவருடைய பெரியம்மா இறந்தபோது மாலை ஒரு கையில், ஐந்து லிட்டர் கேன் ஒரு கையில். "பொணத்தை எடுத்ததும் வீட்டைக் கழுவணும்னு எவ்வளவு பொறுப்பா யோசிச்சு வந்திருக்கா பாரு" என்று ஒருத்தி சொன்னாள். பில்லைக் கொடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். குலதெய்வம் கோயிலுக்குப் போனால் சாமிக்குத் தேங்காய், கோயில் பக்கத்து லாட்ஜுக்குப் பினாயில். சாமி கும்பிட்டு வருவதற்குள் லாட்ஜ்காரர் ஒளிந்துகொள்வார்.

இதிலே ஒரு வேடிக்கை கேளுங்கள். இரண்டே வருஷத்தில் வியாபாரம் மூன்று மடங்காகிவிட்டது. எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. "எல்லாம் என் மார்க்கெட்டிங்" என்று மாமா சொன்னார். இருக்கும். மாமா குடோனில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார்.

இருபத்திரண்டு போகிறது. இன்னும் நேரம் இருக்கிறது. தண்ணீர் வேண்டுமா? குடியுங்கள், இது தண்ணீர்தான், பயப்படாதீர்கள்.

இவள் பிறந்தது தீபாவளி அன்றைக்கு. டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், லேகியம் தின்றேன், வலி வந்துவிட்டது. லேகியத்தால் வந்த வலி என்றார் மாமியார். எனக்குத் தெரியாதா எந்த வலி என்று? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், பட்டாசு விபத்துக்கெல்லாம் போயிருக்கிறது, அரை மணி ஆகும் என்றார்கள். இவர் என்னைத் தூக்கி வேனில் போட்டார். கிளம்பப் போகும்போது நான், "என்னங்க, ரெண்டு கேன் ஏத்துங்க. பில் புக்கை எடுத்தீங்களா?" என்று கேட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. இவர்தான் சொல்கிறார். எதையாவது கூட்டிச் சொல்லுவார்.

சரி, கேட்டேன். நினைவிருக்கிறது. அப்போது வலி கொஞ்சம் விட்டிருந்தது.

செம்பட்டி தாண்டியதும் இனி முடியாது என்று கத்தினேன். இவர் ஓரம்கட்டினார். டீக்கடை அம்மா ஒருவர் வடைக்கரண்டியோடு ஓடி வந்தார். "கை கழுவ என்னய்யா இருக்கு?" என்று கேட்க, இவர் பினாயில் கேனைத் தூக்கிக் காட்டினார். "உன்னை முதல்ல கழுவணும், நகரு" என்றார் அந்த அம்மா. பத்து நிமிஷத்தில் இவள் வந்துவிட்டாள். பின்சீட்டில், அட்டைப்பெட்டிக்கும் கேனுக்கும் நடுவில். இவருடைய புது வேட்டியில் சுற்றினோம்.

"நேரம் பாத்தியாய்யா?" என்று அந்த அம்மா கேட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "மீட்டர் பாத்தேன்" என்றார். நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. எல்லாப் பிள்ளைக்கும் பிறந்த நேரம் இருக்கிறது, என் பிள்ளைக்குப் பிறந்த கிலோமீட்டர் இருக்கிறது. ஜோசியரிடம் போனோம். இதை வைத்து ஜாதகம் எழுத முடியாது, வேண்டுமானால் எஞ்சின் ஆயில் எப்போது மாற்றுவது என்று சொல்கிறேன் என்றார்.

அப்படியே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையும் நானும் நலம். இரண்டு கேனை ஆஸ்பத்திரி ஸ்டோரில் இறக்கி, பில்லில் சீல் வாங்கினார் இவர். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வந்த கையோடு நோட்டை எடுத்து எழுதினேன். தீபாவளி, வத்தலக்குண்டு டு திண்டுக்கல், ஆஸ்பத்திரி டெலிவரி, இரண்டு கேன். போனவர்கள் என்ற கட்டத்தில் இரண்டு. திரும்பியவர்கள் என்ற கட்டத்தில்...

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? மூன்று பேர்தானே வந்தோம்?

அதையெல்லாம் மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். போன மாதம் நோட்டீஸ் வந்தது. அந்த வருஷத்துக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும், வண்டியின் லாக் புக்கோடு டைரக்டர்கள் நேரில் வரவும். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமா சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "லாக் புக்குல ஒரு தப்பு இருந்தா எழுதினவங்களுக்குத்தான் ஜெயில். எழுதினது நீதானேம்மா?" என்றார். அந்த இரண்டு நாளும் நான் இவளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, நான் உள்ளே போய்விட்டால் இவளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் மாமியார் பின்னினால் கண் மேலே இழுத்துக்கொள்ளும், அவ்வளவு இறுக்கிப் பின்னுவார்.

மூன்று பேரும் போனோம். அங்கே ஒரு மேடம். ரொம்ப மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்.

"எதுல வந்தீங்க?" என்று கேட்டார்.

"வேன்ல, மேடம்" என்றேன்.

"அப்ப இன்னிக்குச் சொந்த வேலையா வேன் எடுத்திருக்கீங்க."

"இல்ல மேடம், டெலிவரி. உங்க ஆபீஸுக்கு ரெண்டு கேன். வராந்தாவுல வெச்சிருக்கேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு லஞ்சமா பினாயில் கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஐயோ, லஞ்சமா? நீங்க காசு குடுக்கணும் மேடம். பில் இருக்கு. ஜி.எஸ்.டி.யோட."

மாமா என் காலை மிதித்தார். செருப்புக் காலால். மேடம் கேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக. "இவ்வளவு சுத்தமான லாக் புக்கை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

"தேங்க்யூ மேடம்."

"நான் பாராட்டலை."

அப்புறம் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். எந்தப் பக்கம் என்று எனக்கு அந்த விரலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"தீபாவளி அன்னிக்கு எந்த ஆஸ்பத்திரியில பினாயில் வாங்கினாங்க?"

"சீல் இருக்கு மேடம்."

"சீல் இருக்கு. ரெண்டு கேன் இறக்க மூணு நாளா?"

மேடம் அடுத்த கட்டத்துக்கு விரலை நகர்த்தினார். "போகும்போது ரெண்டு பேர். வரும்போது மூணு பேர். இந்த மூணாவது ஆள் யாரு? எங்க ஏறினாரு?"

மாமா முந்திக்கொண்டார். "சேல்ஸ்மேன், மேடம். அன்னிக்குத்தான் புதுசா சேர்ந்தாரு."

"பேரு?"

மாமா எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் பயத்தில், "தீபஸ்ரீ" என்றுவிட்டார்.

"ஓ. லேடியா? சம்பளம் எவ்வளவு?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமில்லையா? கான்வென்ட் பழக்கம். எழுந்து நின்று, "அப்ப பால் மட்டும்தான் மேடம்" என்றேன்.

மேடம் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப நேரம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஏதோ மனக்கஷ்டம் போலிருக்கிறது, அழுகிறாரே என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. கர்சீப்பைக்கூட நீட்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிச் சொன்னார். "ரெண்டே வழிதான். லாக் புக் எழுதினவங்க சத்தியப் பத்திரம் குடுங்க, அந்த வருஷத்துல ஒரு நாள்கூட இந்த வண்டியைச் சொந்தத்துக்கு எடுக்கலைன்னு. இல்லையா, எடுத்தோம்னு ஒத்துக்கிட்டு, உண்டான வரியைக் கட்டிட்டுப் போங்க. ஒரு நாள் எடுத்திருந்தாலும் எடுத்ததுதான். அடுத்த வியாழக்கிழமை மூணு மணி."

அந்த வியாழக்கிழமை இன்றைக்குத்தான்.

பத்திரத்தை மாமா டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். அதுதான் இந்தப் பச்சை ஃபைலில் இருக்கிறது. நாலாவது பத்தி மட்டும் கேளுங்கள், எனக்கு மனப்பாடம். 'மேற்படி தீபாவளி தினத்தில் மேற்படி வாகனத்தில் என் குடும்பத்தைச் சேர்ந்த எவரும் சொந்தக் காரியமாக ஏறவோ இறங்கவோ இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.'

ஏறவோ இறங்கவோ இல்லை. சரிதான். இவள் ஏறவே இல்லை, இறங்க மட்டும்தான் செய்தாள். அதையும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய வேண்டும். அவள் அங்கே நின்று உங்கள் மகளிடம் வேனைக் காட்டிக்கொண்டிருக்கும்போது.

"போட மாட்டேன் மாமா" என்று சொன்னேன். சொன்னேன் என்றால், மனதுக்குள். வெளியே, "யோசிக்கறேன் மாமா" என்றேன். அதற்கே அவர் சட்டினிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "கையெழுத்துப் போடலேன்னா நாளையிலேருந்து வண்டி குடோன்ல நிக்கும். கேட் போடறேன், பூட்டுப் போடறேன். சாவி என்கிட்ட இருக்கும். அப்ப யாரு சொந்தத்துக்கு எடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

பூட்டட்டுமே, எனக்கென்ன? நான் பஸ்ஸில் போவேன். வெள்ளிக்கிழமை நிலக்கோட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போவேன், அங்கே ஒரு பல் டாக்டர் வாரம் ஒரு பாட்டில் வாங்குவார். பெரியகுளத்தில் என்னோடு படித்த ரெஜினா இருக்கிறாள், அவளுக்கு வீட்டுப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். கொடைக்கானல் மலை மேலே ஒரு ஹோட்டல். ஒரு தடவை நானும் இவளும் மட்டும் அங்கே இரண்டு கேன் இறக்கிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு மக்காச்சோளம் தின்றோம். நோட்டில் பாருங்கள், இருக்கும். பஸ்ஸிலும் அங்கெல்லாம் போகலாம். என்ன, பஸ்ஸில் போவதென்றால் மாமியாரிடம் கேட்க வேண்டும், எதற்கு என்பார். டெலிவரி என்றால் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

என்ன? இல்லை, கண்ணில் தூசி. வேப்பம்பூ கொட்டுகிறது.

இன்று காலையில் வேனைக் கிளப்பும் முன்னால் ஆடிட்டருக்குப் போன் போட்டேன். "சார், மறைக்காம சொல்லுங்க. பத்திரம் குடுக்கலேன்னா எத்தனை வருஷம் போடுவாங்க?" என்று கேட்டேன்.

"எதை எத்தனை வருஷம் போடுவாங்க?"

"ஜெயில் சார்."

அந்தப் பக்கம் இருமல் சத்தம். காபி புரையேறிவிட்டது போல. "ஜெயிலா? யாரும்மா சொன்னது? தவமணி சம்பளத்தோட ஒரு தொகையைச் சேத்துக்கிட்டு அதுக்கு வரி கேப்பாங்க. அவ்வளவுதான். நான் அப்பவே போட்டுப் பாத்துட்டேனே. வட்டி நீங்கலா நாலாயிரத்து முந்நூத்தி இருபது ரூபா."

"மாசத்துக்கா சார்?"

"வருஷத்துக்கும்மா. உங்க மாமாவை எத்தனையோ தடவை பாத்தேன், எவ்வளவுன்னு ஒரு தடவைகூடக் கேக்கலையே."

நானும் கேட்கவில்லை. பாருங்கள், வரி என்றதுமே நாங்கள் யாரும் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. எப்படித் தப்பிப்பது என்றுதான் கேட்டோம். நாலாயிரத்து முந்நூற்று இருபது. இந்த ஸ்கூலில் கட்டட நிதி என்று வாங்குவது அதைப்போல ஐந்து மடங்கு. நான் வேன் சீட்டிலேயே உட்கார்ந்து, முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட வரவில்லை. ஒரு டீ.

"சார், இன்னும் ஒரே கேள்வி. வருஷா வருஷம் இதைச் சேத்துக் காட்டிக் கட்டிட்டா, அப்புறம் கல்யாணத்துக்கெல்லாம் வேன்ல போலாமா?"

"எங்க வேணாலும் போங்க."

"கேன் இல்லாமயா?"

"என்ன கேன்?" என்றார் ஆடிட்டர்.

போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேனே தவிர, பழக்கம் விடுமா? இன்றைக்கும் இரண்டு கேன் ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். கான்வென்ட்டுக்கு டெலிவரி, அப்படியே எல்.கே.ஜி. சீட். ஆபீஸில் இருக்கிற சிஸ்டர், "சுகந்தி, போன மாசம் நீ இறக்கினதே ஸ்டோர் ரூம் முழுக்க இருக்கு. இனிமே நாங்க பாவம் செஞ்சாக்கூட அதுலதான் கழுவணும். எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். ஆக, மூன்றரை வருஷத்துக்கு மேலாக எழுதுகிற நோட்டில், கம்பெனி வேலையாக வரி ஆபீஸ் போனதைத் தள்ளிவிட்டால், இன்றைக்குத்தான் முதல் தடவையாக வேன் ஒரு காரணமும் இல்லாமல் வந்து நிற்கிறது. பாருங்கள், எவ்வளவு அநாதையாக நிற்கிறது மரத்தடியில்.

இருபத்தெட்டு. வந்துவிட்டது. உங்கள் பேனா நன்றாக எழுதுமா?

இல்லை, பத்திரத்தில் போடப்போவதில்லை. இந்தக் கட்டத்துக்குத்தான். பிறந்த இடம். நாலு எழுத்து எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது. இந்தாருங்கள், எழுதிவிட்டேன். 'வேன், செம்பட்டி சாலை.' கட்டத்தில் இடம் இருக்கிறது. இடம் இருக்கும்போது காலியாக விடக்கூடாது. நாலு, ஒன்று, மூன்று, எட்டு, ஆறு. அதையும் எழுதிவிட்டேன். சிஸ்டர் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

மாமாவிடம் யார் சொல்வது என்கிறீர்களா? நான்தான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் வேன் ஓட்டிக்கொண்டு வரும்போது ஒன்று தோன்றியது. கம்பெனிக்கு மூன்று டைரக்டர். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டில்தான் தூங்குகிறோம். பூட்டுப் போடுவதற்கு மீட்டிங் போட வேண்டுமில்லையா? மினிட்ஸ் எழுத வேண்டுமில்லையா? எழுதுவது யார்? நேற்றே இவரிடம் கேட்டுவிட்டேன், கையெழுத்து விஷயத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று. "நீ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஆனா அண்ணன் கேட்டா நான் ஊர்ல இல்ல" என்றார். நல்ல மனுஷன். அன்றைக்கு நேரத்தை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தாரே, அதிலிருந்து இவர் மேல் எனக்கு ஒரு பிரியம்.

தீபஸ்ரீ! வாடி இங்கே. முப்பது கூப்பிடப்போகிறார்கள். சிஸ்டர் எங்கே பிறந்தாய் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? பார்த்தீர்களா, பயத்தில் ஆஸ்பத்திரி என்கிறாள் இப்போது. பாவி, மூன்று நாள் மிட்டாய் இன்றைக்குத்தான் வேலை செய்கிறது. இல்லடி, இல்லடி. வேன். வேன்னு சொல்லு. வெளியே வந்ததும் ரெண்டு மிட்டாய்.

நீங்கள் முடித்துவிட்டு எப்படிப் போவீர்கள்? பஸ் ஸ்டாண்டா? அந்த வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டா? இருங்கள், நான் விட்டுவிட்டுப் போகிறேன். வரி ஆபீஸும் அந்த வழிதான். வந்தவர்கள் இரண்டு, போகிறவர்கள் நாலு. எழுதிவிடுகிறேன், இனி எனக்கு என்ன பயம்?

ஆனால் ஒன்று. தப்பாக நினைக்காதீர்கள். நான் அந்தப் பணத்தைக் கட்டுவது மூன்று மணிக்கு. பஸ் ஸ்டாண்ட் இரண்டேகாலுக்கே வந்துவிடும். நடுவில் முக்கால் மணி நேரம் இருக்கிறது பாருங்கள். அதனால் ஒரே ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். தொண்ணூற்றைந்து ரூபாய்தான். பில் தருகிறேன்.